அப்பாவுக்கு ஒரு கல்வெட்டு: முப்பத்தொரு நாளில் நினைவு மலர் செய்யும் முறை

ஒருவர் இறந்த 31ஆம் நாள் சாப்பாடு முடிந்து வெளிக்கிடும் ஆட்களின் கையில் கொடுக்கிற சிறு புத்தகத்தைத்தான் நம்மவர்கள் கல்வெட்டு என்கிறார்கள். வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஓர் அச்சகத்துக்குப் போனால் பஞ்சபுராணத்திலிருந்து நன்றி நவிலல் வரை எல்லாம் அங்கே தயாராக இருக்கும். பெயரையும் படத்தையும் மாற்றினால் போதும் என்பார்கள். அச்சகத்தில் கிடைக்காதது ஒன்றே ஒன்று, உங்கள் அப்பாவின் வாழ்க்கை. பல வீடுகளில் அந்தப் பகுதிதான் கடைசி இரவில், அச்சகத்து வாங்கில் இருந்தபடி கைத்தொலைபேசியில் தட்டி எழுதப்படுகிறது. கீழே உள்ள ஒழுங்கு அதைத் தலைகீழாக்குகிறது: ஆளைப் பற்றியது முதலில், அச்சு வேலை பிறகு.

சைவக் குடும்ப வழக்கத்தை வைத்தே எழுதியிருக்கிறது. கிறிஸ்தவ வீடுகளில் திதி, வெண்பா பற்றிய 4ஆம் பகுதியை விட்டுவிட்டு, திருமுறைப் பக்கங்களுக்குப் பதிலாகத் திருவசனமும் செபமும் வைத்துக்கொள்ளலாம். மற்றது எல்லாம் ஒன்றுதான்.

1. தொடங்குமுன் ஒரு பெட்டியில் சேர்க்க வேண்டியவை

பழைய சப்பாத்துப் பெட்டி ஒன்று போதும். அப்பாவின் பிறப்புச் சான்றிதழ், சாதகக் குறிப்பு, அடையாள அட்டை, விவாகச் சான்றிதழ், மரணச் சான்றிதழ், நியமனக் கடிதம், ஓய்வூதியக் கடிதம், பழைய கடவுச்சீட்டுகள், அவர் கையால் எழுதிய ஏதாவது ஒன்று, பத்திரிகையில் வந்த மரண அறிவித்தல். இவற்றைப் பெட்டியில் போட்டு, வீட்டில் ஒருவரின் பொறுப்பில் விடுங்கள்.

ஒருவர் என்றால் ஒருவர்தான். மூன்று பிள்ளைகள் சேர்ந்து பொறுப்பெடுத்தால் மூவரும் மற்றவர் செய்வார் என்று இருந்துவிடுவார்கள். மூத்த மகன் கிரியைகளில் நிற்பவர், அவரிடம் இதையும் கட்டாதீர்கள். மருமகளோ, மூத்த பேத்தியோ, ஓரளவு தமிழ் எழுதத் தெரிந்த மருமகனோ நல்ல தெரிவு. அழுகைக்கு ஒரு முழம் தள்ளி நிற்பவர் வேலையை முடிப்பார்.

2. நாட்களைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

இறந்த நாளையும் சேர்த்தே 31 எண்ணுவது வழக்கம். 31ஆம் நாளையொட்டிய கிரியைகளான அந்தியேட்டி எந்த நாள், வீட்டுக்கிருத்தியம் எந்த நாள் என்று ஐயரிடம் முதற் கிழமையிலேயே எழுதி வாங்குங்கள். புத்தகம் அதற்கு முதல் நாள் மாலை வீட்டில் இருக்க வேண்டும். அங்கிருந்து பின்னோக்கி: அச்சுக்கும் பைண்டிங்குக்கும் 5 நாள், ப்ரூஃப் பார்க்க 4 நாள், பக்க வடிவமைப்புக்கு 4 நாள். அப்படியானால் எழுத்து முழுவதும் 17ஆம் நாள் முடிந்திருக்க வேண்டும்.

அச்சுக்கான அந்த ஐந்து நாளுக்குள் போயா தினம் (பௌர்ணமி விடுமுறை) விழுகிறதா என்று கலண்டரைப் பாருங்கள். போயாவில் அச்சகம் பூட்டியிருக்கும். சித்திரைப் புத்தாண்டு, வெசாக் காலங்களில் வேலையாட்கள் ஊருக்குப் போனால் திரும்பி வரவே ஒரு கிழமை ஆகும். அப்படி விழுந்தால் எல்லாவற்றையும் நான்கு நாள் முன்னே தள்ளுங்கள்.

நேரம் போதாது என்று 10ஆம் நாளிலேயே தெரிந்தால் வீம்பு பிடிக்க வேண்டாம். 31க்குத் திதி வெண்பா (இறந்த திதியைச் சொல்லும் செய்யுள்), ஒரு படம், ஒரு பக்க வரலாறு, நன்றி கொண்ட 8 பக்கம் போதும். முழு மலரை ஆட்டைத் திவசத்துக்கு (முதலாம் ஆண்டு நினைவுக்கு) வையுங்கள். அவசரத்தில் அடித்த 60 பக்கத்தைவிட அது எவ்வளவோ மேல்.

3. பெயர்களும் திகதிகளும்

வரலாறு எழுதத் தொடங்குமுன் ஒரு கொப்பியில் இரண்டு பட்டியல் போடுங்கள். ஒன்று ஆட்களின் பெயர், மற்றது திகதிகள். பிழைகளில் பாதி இங்கேதான் பிறக்கிறது. பிந்திப் பிடித்தால் அட்டை, வெண்பா, வம்சாவளி மூன்றையும் திருத்த வேண்டி வரும்.

பிறந்த திகதி ஆவணத்துக்கு ஆவணம் மாறியிருந்தால் வியப்பில்லை. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது கூட்டியோ குறைத்தோ சொன்ன காலம் அது. சாதகக் குறிப்பு இருந்தால் அதையே நம்புங்கள். பிள்ளை பிறந்த நேரத்தை வைத்து எழுதியது அது. 1983 இனக்கலவரத்தில் எல்லாம் எரிந்துபோன வீடுகளில் அடையாள அட்டை இலக்கம் ஒன்றுதான் மிஞ்சியிருக்கும், அதையும் வாசிக்கலாம். பழைய ஒன்பது இலக்க அட்டையில் முதல் இரண்டு இலக்கம் பிறந்த வருடம், அடுத்த மூன்றும் அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதனுடன் 500 கூட்டியிருக்கும். பெப்ரவரியை எப்போதும் 29 நாளாகவே எண்ண வேண்டும். 42205 என்று தொடங்கினால் 1942, 205ஆவது நாள். யூன் முடிய 182 போக மிச்சம் 23, ஆகவே 1942 யூலை 23. 29ஐ மறந்து 28 என்று எண்ணினால் ஒரு நாள் தவறிவிடும்.

கனடாவிலும் அமெரிக்காவிலும் இருக்கும் பிள்ளைகள் அனுப்பும் திகதிகளில் கவனம். 08/05 என்று வந்தால் அது ஓகஸ்ட் 5ஆ, மே 8ஆ? மாதத்தை எழுத்தால் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். மலரிலும் எழுத்தாலேயே போடுங்கள்.

பெயர்களை அவரவர் எழுதும் விதத்திலேயே எழுதி வாங்க வேண்டும். தொலைபேசியில் கேட்டு எழுதினால் ல, ள, ழ, ர, ற எல்லாம் உங்கள் ஊகம்தான். பிறகு சித்தப்பா புத்தகத்தைத் திறந்தவுடன் முதலில் தேடுவது தன் பெயரைத்தான்.

உயிரோடு இருப்பவருக்குக் ‘காலஞ்சென்ற’ போடுவது அடிக்கடி நடக்கிற விபத்து. ‘காலஞ்சென்ற இன்னார், இன்னார் தம்பதியரின் அன்பு மகனும்’ என்று எழுதினால் காலமானவர் ஒருவரா இருவரா? இருவரும் என்றால் ‘காலஞ்சென்றவர்களான’ என்று தெளிவாக எழுதுங்கள். ஒருவர் மட்டும் என்றால் இருப்பவரை முன்னே போட்டு, மற்றவருக்கு முன் ‘காலஞ்சென்ற’ போடுங்கள். மைத்துனர், சகலன் வரிசை வரும்போது இது இன்னும் சிக்கும். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் கொப்பியில் இ, கா என்று குறித்துவைத்தால் (இருக்கிறார், காலமானார்) பிழை வராது.

4. திதியும் வெண்பாவும்

திதி ஒன்று ஏறக்குறைய 19 முதல் 26 மணித்தியாலம் வரை நிற்கும். ஒரே திகதிக்குள் இரண்டு திதி வருவது சாதாரணம். ஆகவே திகதியை மட்டும் சொல்லித் திதி கேட்கக் கூடாது, உயிர் பிரிந்த நேரத்தையும் சொல்ல வேண்டும். அதிகாலை 3 மணிக்குப் போனவருக்கு ஆங்கிலத் திகதி புதிது, பஞ்சாங்கக் கிழமையோ சூரிய உதயம் வரை முதல் நாளுடையது. வாக்கிய பஞ்சாங்கத்துக்கும் திருக்கணிதத்துக்கும் சில மணி நேரம் வித்தியாசம் வருவதால், உங்கள் குடும்பம் எதைப் பார்ப்பது என்பதையும் ஐயரிடம் சொல்லுங்கள். இந்தத் திதியை வைத்துத்தான் பேரப்பிள்ளைகள் திவசம் செய்யப்போகிறார்கள். மலரில் இதைவிட நீண்ட ஆயுள் உள்ள வரி இல்லை.

வெண்பா எழுதுபவருக்கு வருடம், மாதம், பூர்வபக்கமா (வளர்பிறை) அபரபக்கமா (தேய்பிறை), திதி, பெயர், ஊர் இவ்வளவும் எழுத்தில் கொடுங்கள். வந்த வெண்பாவை வாங்கியவுடன் இரண்டு இடத்தைப் பாருங்கள். நான்காம் அடியில் மூன்று சீர்தான் இருக்க வேண்டும், கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கில் ஒன்றாக முடிய வேண்டும். அடுத்தது வருடப் பெயர். 2025 சித்திரையில் தொடங்கிய விசுவாவசு என்பதை ஒரே சீராகப் போட்டால் விசு, வா, வசு என்று நிரை நேர் நிரை அசைகளாகி, வெண்பாவுக்கு ஆகாத கனிச்சீர் வந்துவிடும். ‘விசுவா வசுவாண்டு’ என்று பிரித்தால் மாச்சீருக்குப் பின் நிரை அசை வந்து தளை (சீர்களின் இணைப்பு) சரியாகும். அதற்கு அடுத்த பராபவ வருடத்துக்கு இந்தத் தொல்லை இல்லை, நிரை நிரை, அப்படியே உட்காரும். யாப்புத் தெரிந்தவரிடம் ஒருமுறை காட்டுவது நல்லது. பழைய கல்வெட்டொன்றிலிருந்து வெண்பாவை எடுத்துப் பெயரை மட்டும் மாற்றுவது வேண்டாம். பெயரின் அசை மாறினால் செய்யுள் நொண்டும், ஊரில் யாராவது ஒரு தமிழ் வாத்தியார் அதைக் கட்டாயம் கண்டுபிடிப்பார்.

5. ஆட்களிடம் கேட்டு எடுப்பது

எட்டுச் செலவு (எட்டாம் நாள் சடங்கு) அன்று சொந்தக்காரர் எல்லாரும் வீட்டில் இருப்பார்கள். அது முடிந்தால் பாதிப்பேர் ஊருக்கும் வெளிநாட்டுக்கும் போய்விடுவார்கள். அன்றைக்கு மாலை கதை கேட்கத் தொடங்குங்கள்.

‘அப்பாவைப் பற்றிச் சொல்லுங்கோ’ என்று கேட்டால் ‘தங்கமான மனுசன்’ என்ற ஒரு வரிதான் வரும். படத்தைக் கையில் கொடுத்துக் கேளுங்கள். ‘இதில் பின்னுக்கு நிற்கிறது யார் மாமி? இது எந்த வீடு? அப்ப வாடகை எவ்வளவு?’ வாடகையில் தொடங்கினால் வீட்டுக்காரர், பக்கத்து வீடு, முதற் சம்பளம் என்று தானாக நீளும். கேள்வி சிறியதாக இருந்தால் பதில் பெரிதாக வரும்.

அம்மாவிடம் கடைசியில் கேளுங்கள், ஆனால் 14ஆம் நாளுக்குள் கேளுங்கள். பின்னேரத் தேத்தண்ணிக்குப் பிறகு, அரை மணிக்கு மேல் இல்லாமல், பக்கத்தில் அவருடைய தங்கச்சியையும் வைத்துக்கொண்டு. அம்மா விட்டதைச் சித்தி எடுத்துக் கொடுப்பார். ஒலிப்பதிவை மேசையில் வைத்துத் தொடங்கிவிட்டுத் தொலைபேசியைத் தொடாதீர்கள். மின்விசிறியின் கீழே வைத்தால் பதிவில் அதன் இரைச்சல்தான் கேட்கும்.

கேட்ட கதைகளில் வருடம் பிசகும். உரைத்துப் பார்க்கச் சில கற்கள் உண்டு. யாழ்தேவி ஓடத் தொடங்கியது 1956இல். 1951இல் அப்பா யாழ்தேவியில் கொழும்புக்கு வந்தார் என்றால் வருடமோ ரயிலோ பிழை. தனியார் பஸ் கம்பனிகள் போய் இலங்கைப் போக்குவரத்துச் சபை வந்தது 1958. கொழும்பில் ட்ராம் நின்றது 1960. நாட்டின் பெயர் இலங்கைக் குடியரசானது 1972. ரூபவாஹினி ஒளிபரப்பு 1982. பெரியப்பா சொன்ன வருடத்தை இவற்றோடு ஒட்டிப் பார்த்தால் பெரும்பாலும் அகப்பட்டுவிடும்.

6. வாழ்க்கை வரலாறு

1000 முதல் 1200 சொல் போதும். ஏ5 அளவில் 11 புள்ளி எழுத்தில் ஆறேழு பக்கம் வரும். அதற்கு மேல் போனால் அன்றைக்கு வாசிப்பவர் குறைவு.

முதலில் உரிச்சொற்களை எல்லாம் எழுதிவிடுங்கள். அன்பின் சிகரம், பண்பின் உறைவிடம், நேரந்தவறாத உத்தமர். பிறகு ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், அதை எதைக் கண்டு சொல்கிறீர்கள் என்று எழுதுங்கள். எழுதி முடிந்ததும் இடப்பக்கத்தை வெட்டிவிடுங்கள். எடுத்துக்காட்டுக்கு, ‘நேரந்தவறாதவர்’ போய் ‘6.15 செய்தி முடியும்போது சப்பாத்து நாடா கட்டியிருப்பார், 6.50க்கு தெஹிவளையில் கோட்டை ரயில் ஏறுவார்’ என்று நிற்கும். ‘தாராள மனம் படைத்தவர்’ போய் ‘சம்பள நாளில் அக்காவுக்கு மணிஓடர் அனுப்பிய பிறகுதான் வீட்டுச் சாமான் வாங்கினார், ரசீதுகள் எல்லாம் பிஸ்கட் டின்னில் இருக்கின்றன’ என்று நிற்கும். வாசிக்கிறவர் தாராளம் என்ற சொல்லைத் தானே சொல்லிக்கொள்வார்.

சோதனைகளையும் பதவிகளையும் அந்தக் காலத்துப் பெயராலேயே எழுதுங்கள். எஸ்.எஸ்.சி. சித்தியடைந்தவரை ‘சாதாரணதரம்’ ஆக்கினால் வயது தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். எழுதுவினைஞர் என்றால் எழுதுவினைஞர்தான். ‘நிர்வாக உத்தியோகத்தர்’ ஆக உயர்த்தினால் கூட வேலை செய்தவர்கள் 31க்கு வந்திருப்பார்கள் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

கொழும்புத் தமிழ் வீடு என்றால் 1958, 1977, 1983 இனக்கலவரங்கள் மூன்றில் ஒன்றாவது வரலாற்றில் குறுக்கே நிற்கும். இதை எழுதுவதா விடுவதா என்று அம்மாவிடம் கேளுங்கள், முடிவு அவருடையது. எழுதுவதானால் எந்த வீடு, எந்த நாள், எங்கே ஒளிந்தார்கள், எந்த முகாமில் எத்தனை நாள், எப்படி வடக்கே போனார்கள், எப்போது திரும்பினார்கள் என்று மட்டும் எழுதுங்கள். வசனம் பேசத் தேவையில்லை. தங்க இடம் கொடுத்த அயலவர் பெயரைப் போடுமுன் அவர்களிடமோ பிள்ளைகளிடமோ அனுமதி கேட்க வேண்டும். விடுவதானால் ‘1983 யூலையில் வீட்டையும் உடைமைகளையும் இழந்தனர்’ என்ற ஒரு வரி போதும். ஆனால் அந்த ஒரு வரியாவது இருக்கட்டும். இல்லையேல் பம்பலப்பிட்டியிலிருந்து திடீரென்று ஏன் ஊரில் ஒரு பிள்ளை பிறந்தது என்று பூட்டப்பிள்ளைக்கு விளங்காது.

கடைசி நோயை ஒரு பத்தியில் முடியுங்கள். எழுதுகிறவருக்கு அந்த மூன்று மாதம்தான் கண்ணுக்குள் நிற்கும், விட்டால் அதுவே எண்பது வருடத்தையும் விழுங்கிவிடும். வாட்டு இலக்கம், சத்திரசிகிச்சை, டொக்டர் சொன்னது ஒன்றும் தேவையில்லை.

எழுதி முடிந்ததும் அம்மாவுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். அவர் ‘அது அப்பிடியில்லை’ என்று நிறுத்தும் இடங்கள்தான் மலரின் நல்ல பகுதிகளாக மாறும்.

7. பேரப்பிள்ளைகளின் பக்கம்

‘எங்கள் அன்புத் தாத்தாவே’ என்று தொடங்கும் கவிதையை யாரோ ஒரு பெரியவர் எழுதி, பதினொரு பேரப்பிள்ளைகளின் பெயரையும் கீழே போடுவது வழக்கமாகிவிட்டது. பிள்ளைகளுக்கு அதில் ஒரு சொல்லும் சொந்தமில்லை. பதிலாக ஒவ்வொருவரிடமும் ஒரே ஒரு கேள்வி கேட்டு, 40 சொல்லுக்குள் பதில் வாங்குங்கள். உன்னை என்ன பேர் சொல்லிக் கூப்பிடுவார்? அவருடைய சட்டைப் பையில் என்ன இருக்கும்? உன்னை எதற்குப் பேசினார்?

மகன்மாரின் பிள்ளைகளுக்கு அவர் அப்பப்பா, மகள்மாரின் பிள்ளைகளுக்கு அம்மப்பா. அச்சகத்தில் எல்லாவற்றையும் ‘தாத்தா’ ஆக்கிவிடுவார்கள். அந்தந்தப் பிள்ளை கூப்பிட்ட விதத்திலேயே விடச் சொல்லுங்கள்.

வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகளுக்கு எழுதத் தெரியாவிட்டால் குரல் பதிவு அனுப்பச் சொல்லி, சொன்னபடியே எழுத்தாக்குங்கள். ‘அம்மப்பா எனக்கு மாம்பழம் வெட்டித் தரும்’ என்று பிள்ளை சொன்னால் ‘தருவார்’ என்று திருத்த வேண்டாம்.

8. படங்கள்

முன்னட்டைக்கு ஒன்று, உள்ளே 12 முதல் 18 வரை. அதற்கு மேல் போனால் படங்கள் முத்திரை அளவாகிவிடும், வயதானவர்களுக்கு முகம் தெரியாது.

அச்சுக்கு ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும். 10 சென்ரிமீற்றர் அகலத்தில் போட ஏறக்குறைய 1200 புள்ளி அகலமுள்ள படம் தேவை. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும், ‘டொக்கியுமென்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள். பழைய சிறு படங்களை 600இல் ஸ்கேன் செய்தால் இரண்டு மடங்கு பெருப்பித்துப் போடலாம்.

பசைத்தாள் அல்பத்தில் ஒட்டிய படங்களை உரிக்காதீர்கள், கிழியும். பக்கத்தோடு சேர்த்தே ஸ்கேன் செய்யுங்கள். கண்ணாடிச் சட்டத்தில் ஈரம் பட்டு ஒட்டிப்போன படத்தையும் அப்படியே விட்டு, பகல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும் யன்னலோரம் வைத்து, பிளாஷ் இல்லாமல் படமெடுங்கள். தொலைபேசி படத்துக்கு நேராக, சரிவில்லாமல் இருக்க வேண்டும். கண்ணாடியில் உங்கள் சட்டை தெரிந்தால் கறுப்புத் துணியொன்றைப் போர்த்திக்கொள்ளுங்கள்.

அட்டைப் படத்தை ஸ்டூடியோவில் கொடுத்தால் சுருக்கத்தை நீக்கி, கோட்டும் டையும் போட்டுத் தருவார்கள். வாழ்நாள் முழுக்க வேட்டியும் வெள்ளைச் சட்டையும் போட்டவருக்கு அது என்னத்துக்கு? தூசி, கீறல் மட்டும் எடுத்தால் போதும் என்று எழுதிக் கொடுங்கள்.

ஒவ்வொரு படத்தின் கோப்புக்கும் 01, 02 என்று இலக்கமிட்டு, தனித்தாளில் அதே இலக்கத்துக்கு நேரே இடமிருந்து வலமாகப் பெயர்களை எழுதுங்கள். வடிவமைப்பவருக்கு உங்கள் மாமாவையும் பெரியப்பாவையும் தெரியாது.

அவர் கையெழுத்தில் உள்ள ஒரு பக்கத்தை, கடிதமோ கணக்குக் கொப்பியோ, படமாகப் போட்டால் நன்றாயிருக்கும். ஆனால் கையொப்பம், அடையாள அட்டை இலக்கம், வங்கிக் கணக்கு, காணி உறுதி இலக்கம் எதுவும் தெரியக் கூடாது. சொத்து விடயங்கள் முடியாத காலத்தில் 300 பேர் கையில் போகிற புத்தகம் இது.

9. வம்சாவளி

ஆண் பிள்ளைகளின் கிளை மட்டும் நீண்டு, பெண் பிள்ளைகள் பெயரோடு நின்றுவிடும் மரத்தைப் போடாதீர்கள். எல்லாப் பிள்ளைகளையும் மூப்பு ஒழுங்கில் எழுதுங்கள். சிறு வயதில் இறந்த பிள்ளையும் அந்த ஒழுங்கில் வர வேண்டும். முறிந்த திருமணம், வீட்டோடு கதையில்லாத மகன் போன்றவற்றில் மருமக்கள் பெயரைப் போடுவது பற்றி அந்தப் பிள்ளையிடமே கேளுங்கள். பிள்ளையின் பெயரை மட்டும் எந்தக் கோபத்திலும் விடக் கூடாது.

மரம் இரண்டு பக்கத்துக்கு விரியுமானால் அதைப் புத்தகத்தின் நட்ட நடுவே வையுங்கள். கம்பிப் பின் அடித்த புத்தகத்தில் நடுவில் மட்டும்தான் இரண்டு பக்கமும் ஒரே தாளில் இருக்கும். அட்டையோடு 40 பக்கம் என்றால் அது 20ஆம், 21ஆம் பக்கம். வேறிடத்தில் வைத்தால் கோடுகள் ஒன்றுக்கொன்று பொருந்தாது, இந்தப் பக்கத்து மாமாவுக்கு அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் பிறப்பார்கள்.

10. எழுத்துரு: பாமினியா யூனிகோட்டா

அச்சகத்துக்குக் கொடுக்குமுன் இதை ஒரு கேள்வியாகவே கேளுங்கள். கொழும்பில் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் வேலை செய்யும் இடங்கள் இன்னும் இருக்கின்றன. நீங்கள் தொலைபேசியில் அடித்தது யூனிகோட், அதை மாற்றும்போதுதான் சிதையும்.

பாமினியில் கமா விசையில் ‘இ’ இருக்கிறது. ஆங்கிலத்தில் உள்ள பெயரோ மின்னஞ்சலோ பாமினிக்குள் அகப்பட்டால் பொருளில்லாத தமிழ் எழுத்துகளாக வரும். ‘கௌரி’ என்பது கெ, ள, ரி என்று பிரிந்து ‘கெளரி’ ஆகும். மாற்றிய பிறகு கமாக்களையும், ஔகார எழுத்துகளையும், ஸ்ரீயையும், இலக்கங்களையும் தனியாகத் தேடிப் பாருங்கள்.

யூனிகோட்டிலேயே இன்டிசைன் மென்பொருளில் வேலை செய்தால் வேறொரு வில்லங்கம்: ‘வேர்ல்ட் ரெடி கொம்போசர்’ என்ற தெரிவைப் போடாவிட்டால் கொ, கோ, கை எல்லாம் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கமாகப் போகும். ஒரு பக்கம் மட்டும் அமைத்துக் காட்டச் சொல்லி, சரியென்றால் மிச்சத்தைக் கொடுங்கள்.

11. ப்ரூஃப்

தொலைபேசித் திரையில் பார்த்து ‘ஓகே’ அனுப்புவதுதான் எல்லாப் பிழைக்கும் தாய். தாளில் அடித்து வாங்குங்கள். இரண்டு பேர் இருங்கள். ஒருவர் கொப்பியிலிருந்து பெயரை எழுத்தெழுத்தாக வாசிக்க, மற்றவர் ப்ரூஃபில் விரல் வைத்துப் பார்க்க வேண்டும். தனியே வாசித்தால், சரியாகத் தெரிந்த பெயரை மூளை சரியாகவே வாசித்துவிடும்.

கடைசியாக ஒருமுறை அட்டை. தோற்றம், மறைவு திகதிகள், வயது, பெயரின் முதலெழுத்து. உள்ளே 40 பக்கத்தைத் திருத்தியவர்கள் அட்டையைப் பார்க்காமல் விட்டு, இறந்த வருடம் பிழையாக வந்த மலர்கள் உண்டு. திருத்தம் கொடுத்த பிறகு திருத்திய இடத்தோடு அதற்கு மேலும் கீழும் உள்ள வரிகளையும் பாருங்கள், ஒன்றைத் திருத்தும்போது இன்னொன்று நகரும்.

நன்றி நவிலலில் தனித்தனிப் பெயர் போடாமல் வகை வகையாக நன்றி சொல்வதே புத்தி. ஐம்பது பெயர் போட்டு ஒன்றை விட்டால் அந்த ஒன்றுதான் பத்து வருடம் பேசப்படும். வீட்டு முகவரி, தொலைபேசி இலக்கங்களும் அங்கே வேண்டாம்.

12. தாள், பக்கம், பிரதி

கம்பிப் பின் அடிக்கும் புத்தகத்தில் பக்கம் நான்கின் மடங்காக இருக்க வேண்டும்: 24, 32, 40. 37 பக்கம் வந்தால் மூன்று வெற்றுப் பக்கம் விழும், அதை அச்சகம் தாமரைப் படத்தால் நிரப்பும். சிவபுராணம் 95 அடி, ஏ5இல் நான்கு பக்கம் எடுக்கும். பக்கம் கூடினாலும் குறைந்தாலும் திருமுறைப் பகுதியில்தான் சரிக்கட்டலாம், வரலாற்றை வெட்ட வேண்டாம். உள்ளே 100 கிராம் தாள், அட்டை 250 கிராம், மங்கல் லமினேற். மினுக்கல் லமினேற் போட்டால் வெளிச்சத்தில் முகம் தெரியாது, விரலடையாளமும் விழும். ஓரம் வரை படம் போகிற பக்கங்களில் நான்கு புறமும் 3 மில்லிமீற்றர் கூடுதலாக விடச் சொல்லுங்கள், வெட்டும்போது வெள்ளைக் கோடு தெரியாமல் இருக்க.

பிரதிகளைத் தலை எண்ணிக்கையில் போடாதீர்கள், குடும்பத்துக்கு ஒன்று. மண்டபத்துக்கு 200 பேர் என்றால் 90 குடும்பம் வரும். அதோடு வேலைத்தல நண்பர்கள், ஊர், வெளிநாடு. 36 உள்பக்கமும் அட்டையும் சேர்ந்து ஒரு பிரதி ஏறக்குறைய 72 கிராம். 100 பிரதி 7 கிலோவைத் தாண்டும், லண்டன் போகிற மச்சானின் பெட்டியில் இடம் இருக்கிறதா என்று முன்பே கேளுங்கள். 200க்குக் கீழே டிஜிட்டலுக்கும் மேலே ஓப்செற்றுக்கும் விலை கேட்டு ஒப்பிடுங்கள். மொத்தமாக அடிக்குமுன் ஒரு முழுப் பிரதியைத் தைத்து வாங்கிப் புரட்டிப் பாருங்கள்.

13. மிச்சப் பிரதிகள்

வெள்ளவத்தை, தெஹிவளைக் கடற்காற்றில் கம்பிப் பின் சில வருடத்தில் துருப்பிடித்து நடுப்பக்கத்தைத் தின்றுவிடும், அதாவது உங்கள் வம்சாவளியை. வீட்டில் வைத்துக்கொள்ளும் ஐந்து பிரதியைப் பின் இல்லாமல் நூலால் தைத்துத் தரச் சொல்லுங்கள், அச்சடிக்கும்போதே சொன்னால் செய்வார்கள். சிலிக்கா ஜெல் பையோடு மூடிய டப்பாவில், அலுமாரியின் மேல்தட்டில் வையுங்கள்.

அச்சுக்குப் போன பீடிஎஃப், படங்களின் மூலக் கோப்புகள், அம்மாவின் ஒலிப்பதிவு மூன்றையும் இரண்டு பிள்ளைகளிடம், இரண்டு நாட்டில் இருக்கச் செய்யுங்கள். கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகத்துக்கு ஒரு பிரதி கொடுக்கலாம். நூலகம் நிறுவனம் தன் இணைய நூலகத்தில் நினைவு மலர்களையும் சேர்த்துவருகிறது. அங்கே அனுப்பும் பிரதியில் பேரப்பிள்ளைகளின் பிறந்த திகதிகளை எடுத்துவிடுங்கள்.

புத்தகம் கொடுத்த பிறகு இரண்டு கிழமைக்குள் தொலைபேசி வரும். ‘அந்தப் படத்தில் நிற்கிறது சின்னையா இல்லை, அவற்ரை தம்பி’ என்று யாராவது சொல்வார்கள். வீட்டுப் பிரதி ஒன்றின் ஓரத்தில் பென்சிலால் அதைக் குறித்து வையுங்கள். ஆட்டைத் திவசத்துக்கு மறுபதிப்புப் போட்டால் அந்தப் பிரதியிலிருந்தே தொடங்கலாம்.